டேப் சுற்றினால் போதுமா?

அடைமழை பிடித்துவிட்டால் போன் லைன் கரகரப்பதும் இன்டர்நெட் விட்டுவிட்டு வருவதும் மலையூர்களில் வழக்கம். பழியை மழைமேல் போட்டுவிடுகிறோம். இணைப்பைக் கெடுப்பது கொட்டுகிற மழையைவிட, உள்ளே புகுந்து வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும் ஈரம்தான் என்பேன். உதாரணமாக, ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில். அந்த உயரத்தில் பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் உள்ள வித்தியாசம் சமவெளிக்காரர்கள் நினைப்பதைவிட அதிகம். கம்பத்திலுள்ள லைன் இணைப்புப் பெட்டிக்குள் காற்று பகலில் சூடேறி விரிந்து வெளியே கசியும். இரவில் சுருங்கும்போது ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் குளிர்ந்த உலோகத்தில் துளித்துளியாகப் படியும். ஒரு சொட்டு மழை இல்லாத தை மாதத்திலும் இது நடக்கும்.

பழைய செம்புக் கம்பி லைனில் 48 வோல்ட் நேர்மின்சாரம் எப்போதும் இருக்கிறது. ஈரம் பட்ட இடத்தில் மின்சாரம் கசியும். செம்பு மெல்லக் கரையும். பச்சைக் களிம்பு பூக்கும். தொலைபேசி நிலையத்தில் பேட்டரியின் நேர்முனையை நிலத்தோடு இணைத்திருப்பதற்கு இந்த அரிப்பைக் குறைப்பதும் ஒரு காரணம். ஆனால் ஜோடிக் கம்பிகள் இரண்டுக்கும் நடுவே ஈரம் பாலம் போட்டால் அந்த ஏற்பாடு கைகொடுக்காது. இதற்குத்தான் ஜெல்லி கேபிள் வந்தது: கம்பிகளுக்கு இடையிலுள்ள சந்துகளை வழவழப்பான ஜெல்லி நிரப்பிக்கொள்வதால் தண்ணீர் ஓட இடமிருக்காது. ஜாயின்ட்டுக்கும் ஜெல் அடைத்த குட்டிக் கனெக்டர் உண்டு. இரண்டு கம்பியைச் செருகிக் குறடால் அழுத்தினால் இணைப்பும் முடிந்தது, காப்பும் முடிந்தது. நம் வீடுகளிலோ முறுக்கிவிட்டு இன்சுலேஷன் டேப் சுற்றுவதோடு சரி. வெயிலில் அதன் பசை விட்டு ஓரம் எழும்பும், அந்த இடுக்கு தண்ணீரை உறிஞ்சும், பிறகு அதே டேப் ஈரத்தைக் காயவிடாமல் பொத்திவைக்கும். சிலர் சிலிக்கான் பசையை அப்புகிறார்கள். வினிகர் நெடி அடிக்கிற ரகம் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும்; அது செம்பைத் தின்னும்.

இப்போது அரசின் பாரத்நெட் திட்டத்தில் கண்ணாடி இழை கிராமம் வரை வருகிறதே, கண்ணாடி துருப்பிடிக்குமா என்று கேட்கலாம். பிடிக்காதுதான். ஆனால் இழுவிசையில் இருக்கும் கண்ணாடியில் ஈரம் பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வளரும். ஒளி ஓடும் உட்பகுதி 9 மைக்ரோமீட்டர் அளவே. கனெக்டர் முனையில் படியும் ஈரமும் தூசியும் அதை மறைக்கப் போதும். தவிர, ரவுட்டருக்குப் பிறகு கேமராவுக்கும் மாடிக்கும் போவது மறுபடி செம்பு LAN ஒயர்தானே? வெளியில் உறை கிழிந்தால், தண்ணீர் உறைக்குள்ளேயே ஊர்ந்து பிளக் வரை வந்துவிடும்.

இதற்கெல்லாம் செலவு யார் செய்வது என்ற கேள்வி நியாயமானது. ஜெல் கனெக்டர் விலை சில ரூபாய்தான். பழுது பார்க்க ஒருவர் ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர்ச் சாலையின் வளைவுகளில் மறுபடி ஏறி வருவதற்கு அதைவிடப் பல மடங்கு ஆகும். காசே செலவாகாத வேலைகளும் உண்டு. ஒயர் வீட்டுக்குள் நுழையும் துளைக்குக் கீழே அதை ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். சுவரில் துளையை வெளிப்பக்கம் சரிவாகப் போடலாம். பெட்டிக்குள் ஒயரை மேலிருந்து விடாமல் அடியிலிருந்து நுழைத்து, அடியில் ஒரு சிறு ஓட்டையும் விடலாம்.