சப்வே டைல்ஸ் ஒட்டப் போறீங்களா? டைல்ஸை விட, நடுவுல இருக்குற கோட்டைக் கவனிங்க!

வெள்ளை வெளேர்னு சின்னச் சின்ன செவ்வகங்கள். செங்கல் அடுக்கின மாதிரி வரிசை. வீடு அலங்கார வீடியோக்கள் பார்ப்பவர்களுக்கு இந்த டைல்ஸைத் தெரியாமல் இருக்காது. இதுதான் சப்வே டைல்ஸ். சமையல் மேடைக்குப் பின்னால் இருக்கும் சுவரில் இதை ஒட்டினால், பழைய கிச்சன்கூட பளிச்சென்று ஆகிவிடும்.

ஆனால் ஒட்டிய ஆறே மாதத்தில், "டைல்ஸ் நல்லாத்தான் இருக்கு, நடுவுல இருக்குற கோடெல்லாம் மஞ்சளாயிடுச்சு" என்று புலம்புபவர்களும் இருக்கிறார்கள். ஏன் இப்படி ஆகிறது? ஒட்டும் முன்பே இதைத் தவிர்க்க முடியுமா? பார்க்கலாம்.

பெயர் எங்கிருந்து வந்தது?

நியூயார்க் நகரின் சுரங்க ரயில் 1904-ம் ஆண்டு அக்டோபர் 27-ல் ஓடத் தொடங்கியது. முதல் பாதையில் 28 நிலையங்கள். அவற்றை வடிவமைத்த ஹெய்ன்ஸ், லாஃபார்ஜ் என்ற இரு கட்டடக் கலைஞர்கள், சுவர்களுக்கு 3 அங்குல உயரம், 6 அங்குல நீளம் உள்ள வெள்ளை டைல்ஸைத் தேர்வு செய்தார்கள். அங்கே சுரங்க ரயிலுக்கு 'சப்வே' என்று பெயர். டைல்ஸுக்கும் அதே பெயர் நின்றுவிட்டது.

வெள்ளையைத் தேர்ந்தெடுக்க அழகு மட்டும் காரணமில்லை. பூமிக்கு அடியில் வெளிச்சம் குறைவு. பளபளப்பான வெள்ளைச் சுவர் விளக்கொளியைத் திருப்பி அடிக்கும். அழுக்கு பட்டால் உடனே தெரியும், துடைத்தால் போய்விடும். சுத்தம் பற்றிய கவலை அதிகமாக இருந்த அந்தக் காலத்தில், மருத்துவமனை, இறைச்சிக் கடை, வீட்டுக் குளியலறை என்று எல்லா இடத்திலும் இது பரவியது. (1900-ல் திறக்கப்பட்ட பாரிஸ் மெட்ரோவிலும் வெள்ளை டைல்ஸ்தான். ஆனால் அவை ஓரம் சரிவாகச் சீவிய ரகம்.)

இன்று 3-க்கு 6 மட்டுமல்ல, 3-க்கு 12, 4-க்கு 12 அங்குல அளவுகளிலும் சப்வே டைல்ஸ் கிடைக்கிறது. வண்ணமும் நிறைய.

ஒரு சின்ன கணக்கு

உங்கள் சமையல் மேடை 10 அடி நீளம், டைல்ஸ் ஒட்ட வேண்டிய உயரம் 2 அடி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 சதுர அடி.

இதில் வழக்கமான 2-க்கு 1 அடி டைல்ஸ் போட்டால் 10 டைல்ஸ் போதும். அவற்றுக்கு நடுவே வரும் இடுக்குகளை எல்லாம் சேர்த்தால் சுமார் 30 அடி நீளம்.

அதே இடத்தில் 3-க்கு 6 அங்குல சப்வே டைல்ஸ் போட்டால்? 160 டைல்ஸ் வேண்டும். இடுக்கு சுமார் 120 அடி! நாலு மடங்கு. 4-க்கு 12 அளவு எடுத்தால் 60 டைல்ஸ், 80 அடி.

அதாவது, தினமும் துணியால் துடைக்க வேண்டியது டைல்ஸ் மட்டுமல்ல, இந்த 120 அடி கோடும்தான். அதைத் துடைக்கப் போவது யார் என்று முதலில் வீட்டில் பேசிவிடுவது நல்லது.

கோடு ஏன் மஞ்சளாகிறது?

டைல்ஸின் மேல்புறம் கண்ணாடி மாதிரி மெருகு பூசியது. எண்ணெய் உள்ளே போகாது. ஆனால் இடுக்கில் நிரப்புவது பெரும்பாலும் ஒயிட் சிமென்ட் அல்லது சிமென்ட் கலந்த கிரவுட். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு.

நம்ம ஊர் சமையலில் தாளிப்பு இல்லாத நாள் ஏது? கடுகு வெடிக்கும், எண்ணெய் தெறிக்கும், கூடவே மஞ்சள்தூள். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறப்பொருள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கலக்கும். எண்ணெய் அதைச் சுமந்துகொண்டு நுண்துளைக்குள் போய்விடுகிறது. அதனால்தான் வெறும் தண்ணீர் போட்டுத் தேய்த்தால் போவதில்லை. சோப்பு பட்டால் அந்த இடம் சிவப்பாகத் தெரிவதும் இதே குர்குமின் வேலைதான்.

வீடியோவில் பார்க்கும் அந்தப் பளிச் கிச்சன்களில் பலவற்றில் அடுப்பே பற்ற வைத்திருக்க மாட்டார்கள். அதை நம் வீட்டோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

அப்போ என்ன செய்யலாம்?

முதல் வழி, எபாக்ஸி கிரவுட். இது ரெசின், ஹார்டனர், ஃபில்லர் எல்லாம் கலந்து பூசுவது. எண்ணெயையும் மஞ்சளையும் உள்ளே விடாது. விலை சிமென்ட் கிரவுட்டை விடப் பல மடங்கு அதிகம். ஆனால் மொத்த வீட்டுக்கும் தேவையில்லை, மேடைச் சுவருக்கு மட்டும் போட்டால் போதும். ஒரு விஷயம்: கலந்த பிறகு சீக்கிரம் இறுகிவிடும். டைல்ஸ் மேல் படிந்ததை உடனுக்குடன் துடைக்காவிட்டால் அப்படியே ஒட்டிக்கொண்டு நிரந்தர மங்கலாகிவிடும். எனவே, ஏற்கெனவே எபாக்ஸி போட்டுப் பழகிய ஆள்தானா என்று கேட்டுவிட்டு வேலையைக் கொடுங்கள். வெயில் நேரடியாகப் படும் சுவரில் வெள்ளை எபாக்ஸி நாளடைவில் பழுப்பாகலாம். அங்கே இளம் சாம்பல் நிறம் நல்லது.

பட்ஜெட் இடிக்குதா? சிமென்ட் கிரவுட்டே போடலாம், ஆனால் வெள்ளை வேண்டாம். சாம்பல் நிறம் எடுங்கள். வெள்ளை டைல்ஸ், சாம்பல் கோடு என்பது பார்க்கவும் எடுப்பாக இருக்கும், கறையும் அவ்வளவாகத் தெரியாது. நன்றாகக் காய்ந்த பிறகு மேலே சீலர் பூசச் சொல்லுங்கள். அது வேலை செய்கிறதா என்று பார்க்க, கோட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்து மாதிரி நின்றால் சரி. உறிஞ்சிக் கருத்தால் மறுபடி பூச வேண்டும்.

இடுக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் ஸ்பேசர் வைத்து ஒட்டச் சொல்வதும் முக்கியம். ஓரம் சீவிய ரகம் கடையில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அந்தச் சரிவில் எண்ணெய்ப் பிசுக்கு உட்காரும். அடுப்புக்கு நேர் பின்னால் தட்டையானதே வசதி.

வரிசை எப்படி?

செங்கல் வரிசைதான் பழைய பாணி, சின்னக் கோணலையும் மறைத்துவிடும். கட்டம் கட்டமாக நேராக அடுக்கினால் மாடர்ன் தோற்றம் வரும். ஆனால் ஒரு டைல் கொஞ்சம் விலகினாலும் கண்ணில் குத்தும். நின்ற வாக்கில் அடுக்கினால் சுவர் உயரமாகத் தெரியும். மீன் முள் மாதிரி சாய்த்து ஒட்டும் ஹெர்ரிங்போனுக்கு வெட்டு அதிகம், சேதாரமும் அதிகம். சாதாரண வரிசைக்கு 10 சதவீதம் கூடுதலாக வாங்கினால், இதற்கு 15 சதவீதம் வாங்குங்கள்.

சின்ன டைல்ஸ் என்பதால் கூலியும் கூடும். சதுர அடிக் கணக்கில் பேசும்போதே, "இது 3-க்கு 6 சைஸ்" என்று சொல்லிவிடுங்கள். பாதி வேலையில் தகராறு வராது. சுவிட்ச் போர்டு எங்கே வரும் என்பதையும் ஒட்டும் முன்பே முடிவு செய்யுங்கள். மூலையில் விரல் அகலத் துண்டு வைத்து முடிக்காமல் இருக்க, நடுவிலிருந்து அளந்து தொடங்கச் சொல்லலாம்.

பாத்ரூம் சுவருக்கும் இந்த டைல்ஸ் தாராளமாகப் போடலாம். தரைக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். மெருகு பூசிய சுவர் டைல்ஸ் ஈரத்தில் வழுக்கும்.

ஏற்கெனவே ஒட்டியாச்சே?

மஞ்சளான கோட்டுக்கு ஆசிட் ஊற்றுபவர்கள் அதிகம். முதல் நாள் வெளுக்கும், உண்மைதான். ஆனால் ஆசிட் சிமென்ட்டையே அரிக்கும். துளை பெரிதாகி, அடுத்த முறை கறை இன்னும் ஆழமாக இறங்கும். அதைவிட ஆபத்து, ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடுவது. குளோரின் வாயு வெளியாகும். ஜன்னல் இல்லாத சின்ன கிச்சனில் மூச்சுத் திணறல் வரை போகலாம். தயவுசெய்து கலக்காதீர்கள்.

டைல்ஸை உடைக்காமலே சரிசெய்ய வழி இருக்கிறது. பழைய கிரவுட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடுக்கில் எபாக்ஸி நிரப்பலாம். தூசி பறக்கும், ஒன்றிரண்டு நாள் சமையலறையை ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாங்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். வேறு பேட்ச் என்றால் வெள்ளையிலேயே வித்தியாசம் தெரியும். மிச்சமாகும் டைல்ஸைத் தூக்கிப் போடாமல் பரணில் வையுங்கள். நாலு வருஷம் கழித்து பிளம்பர் வந்து குழாய்க்காக இரண்டு டைல்ஸை உடைத்தால், அதே நிறம் கடையில் கிடைக்காது.