பழைய ஆம்னியை 'வீட்டு வண்டி' ஆக்கலாமா? துரு, ஆர்.சி., புகை: தொடங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

ஜூன் மாதம் சாரல் விழ ஆரம்பிச்சா போதும், அம்பாசமுத்திரத்திலிருந்து கடையம் வழியாகத் தென்காசி போகும் ரோட்டில் வேன்கள் வரிசை கட்டும். குற்றாலத்தில் ரூம் கிடைக்காதவர்களும், சீசன் வாடகையைக் கேட்டு மலைத்துப் போனவர்களும் வண்டிக்குள்ளேயே ஜமுக்காளத்தை விரித்துப் படுப்பது இந்தப் பக்கத்துக்குப் புதுசு இல்லை.

புதுசு என்னவென்றால், இப்போது அதையே ஒரு பொழுதுபோக்காகப் பலர் எடுத்துச் செய்கிறார்கள். வீட்டு ஓரமாக நிற்கும் பழைய ஆம்னியைத் தூசி தட்டி, துரு வெட்டி, பெயின்ட் அடித்து, உள்ளே படுக்கை போட்டு, மலையடிவாரம் வரை ஒரு ரவுண்டு. செல்போனில் அந்த வீடியோக்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

ஆனால் வண்டியை எவ்வளவு மாற்றலாம்? 15 வயது தாண்டிய வண்டியை ஓட்டலாமா? உள்ளே தூங்குவது பாதுகாப்பா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆம்னியை ஏன் தேடுகிறார்கள்?

வெளிநாடுகளில் 'கேம்பர் வேன்' என்றாலே நினைவுக்கு வருவது ஃபோக்ஸ்வேகன் வேன்தான். 1950-ல் தயாரிப்பு தொடங்கி, பிரேசில் ஆலையில் 2013 கடைசி வரை வந்த வண்டி அது. ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951-லேயே அதற்குள் படுக்கை, அலமாரி வைத்து விற்கத் தொடங்கிவிட்டது.

நம்ம ஊரில் அந்த இடத்தில் இருந்தவை வேறு. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் 20, பஜாஜ் டெம்போவின் மேடடார். இவை இரண்டையும் இன்று ரோட்டில் பார்ப்பதே அரிது. மிச்சம் இருப்பது மாருதி ஆம்னி.

1984-ல் 'மாருதி வேன்' என்ற பெயரில் வந்து, பிறகு ஆம்னி ஆனது. 2019-ல் புதிய பாதுகாப்பு விதிகள் வந்தபோது தயாரிப்பு நின்றது. ஸ்கூல் வண்டி, ஆம்புலன்ஸ், மளிகைக் கடை வண்டி, சினிமாவில் கடத்தல் வண்டி என்று எல்லா வேஷமும் போட்ட வண்டி. இதன் 796 சிசி இன்ஜின் மாருதி 800 காரின் குடும்பம்தான். அதனால் உதிரிபாகமும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் சின்ன ஊரில்கூடக் கிடைப்பார்கள்.

நீளம் வெறும் 3.37 மீட்டர், அகலம் 1.41 மீட்டர். இரண்டு பேர் நெருக்கிப் படுக்கலாம், அவ்வளவுதான். வெளிநாட்டு வீடியோவில் பார்க்கிற சமையலறையும் பாத்ரூமும் இதற்குள் வராது. இந்த எதிர்பார்ப்பை முதலிலேயே சரி செய்துகொள்வது நல்லது.

15 வயது முடிஞ்ச வண்டியை ஓட்டலாமா?

ஓட்டலாம். சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. முதல் பதிவிலிருந்து 15 வருஷம் செல்லும். அதற்கு அப்புறம் வண்டியை ஆய்வுக்குக் காட்டி, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். தலைநகர் டெல்லியில் இருப்பதுபோல 'பெட்ரோல் வண்டின்னா 15 வருஷம்தான்' என்ற தடை தமிழ்நாட்டில் கிடையாது.

ஆனால் செலவு ஏறிவிட்டது. முன்பு 600 ரூபாயாக இருந்த காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 வருஷம் தாண்டிய இலகுரக வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் அதை 10,000 ரூபாயாக மத்திய அரசு உயர்த்தியது. ஜி.எஸ்.டி.யும், மாநில அரசின் பசுமை வரியும் தனி. தேதி தவறினால் மாதத்துக்கு 500 ரூபாய் தாமதக் கட்டணமும் சேரும்.

அதனால் பழைய ஆம்னி வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் ஆர்.சி.யைப் பார்க்க வேண்டும். நாலு வருஷமாக ஆர்.சி. காலாவதியாகி நிற்கிற வண்டியை 'சும்மா கிடைச்ச விலை' என்று வாங்கினால், தாமதக் கட்டணம் மட்டுமே 24,000 ரூபாய் வந்து நிற்கும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை:

• ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் வண்டியில் இருப்பதோடு பொருந்துகிறதா
• கடன் பாக்கி, அபராத பாக்கி உள்ளதா (பரிவாகன் தளத்திலேயே பார்க்கலாம்)
• கேஸ் கிட் பொருத்தியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா
• வாடகை வண்டியாகவோ ஆம்புலன்ஸாகவோ ஓடியதா

சீட்டைக் கழற்றி கட்டில் போடலாமா?

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9-ம் தேதி உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் பிரிவு 182ஏ-யின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

எத்தனை சீட் என்பது ஆர்.சி.யில் இருக்கிற விவரம். சீட்டை நிரந்தரமாகக் கழற்றி, தரையில் போல்ட் அடித்துக் கட்டில் வைப்பது, கூரையை வெட்டி உயர்த்துவது, சேசிஸை நீட்டுவது எல்லாம் இதில் மாட்டும். வண்டியின் கலரை மாற்றினால்கூட ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும்.

அப்போ கேம்பர் வேனே சட்டவிரோதமா? அப்படி இல்லை. சொந்த உபயோக கேம்பர் வேன் என்ற வகையே மத்திய அரசின் வாகனப் பட்டியலில் உண்டு. மோட்டார் கேரவன்களுக்கு 'ஏ.ஐ.எஸ். 124' என்ற தனித் தரநிலையும் இருக்கிறது. ஆனால் அது அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளர் கட்டி, சோதனையில் தேறி வருகிற வண்டி. தெரு முனை ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் வைத்து அந்தப் பெயரை வாங்க முடியாது.

பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கு நடைமுறையில் ஒரு வழி இருக்கிறது. சீட், பெல்ட் எதையும் நிரந்தரமாகத் தொடாமல், வேண்டும்போது வைத்து வேண்டாதபோது தூக்கி எடுக்கிற மாதிரி பிளைவுட் பலகை, மடக்கு மெத்தை, சாமான் பெட்டி. திரைச்சீலை வண்டியை நிறுத்திய பிறகு மட்டும். ஓடும் வண்டியில் பலகை மேல் யாரும் படுக்கக்கூடாது. சடன் பிரேக் அடித்தால் படுத்திருப்பவரும் பறப்பார், கட்டாத பெட்டியும் பறக்கும்.

மாற்றிய விவரத்தைச் சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் கோரிக்கையிலும் சிக்கல் வரலாம்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் ஆன வண்டியை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்து வரும். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. முதல் மாருதி வேன்களுக்கு 2034-ல் 50 வயது. இன்று கூரையை வெட்டினால் அந்த வாய்ப்பும் சேர்ந்தே போய்விடும்.

எங்கிருந்து தொடங்குவது?

பெயின்ட்டிலிருந்து அல்ல, தரையிலிருந்து.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வெயிலும் சாரலும் மாறி மாறி அடிக்கும். வண்டி மாதக்கணக்கில் மரத்தடியில் நின்றால் துருவுக்குக் கொண்டாட்டம். ஆம்னியில் பார்க்க வேண்டிய இடங்கள்: கால் வைக்கிற தரை, தள்ளுகதவு ஓடும் கீழ்ப்பக்க ரெயில், சக்கர வளைவு, பேட்டரி உட்காரும் தட்டு, பின்கதவின் அடிவிளிம்பு. மேட்டைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். டங் என்று கேட்டால் தகடு இருக்கிறது. சொத்தென்று கேட்டால் பட்டிதான் இருக்கிறது.

துருவின் மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடித்தால் பளபளப்பாகத்தான் இருக்கும். அடுத்த மழைக்காலத்தில் கொப்பளித்து வரும். சரியான வரிசை இதுதான்: துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுப்பது, புதுத் தகடு வைத்து வெல்டிங், பிரைமர், இணைப்புகளில் சீலர், அடிப்பாகத்துக்கு அண்டர்கோட்டிங், கடைசியில்தான் பெயின்ட். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் டேங்க், பைப் பக்கம் தீப்பொறி போகாமல் பார்ப்பது அதைவிட முக்கியம்.

அடுத்து, ஓடுவதற்கும் நிற்பதற்கும் தேவையானவை:

• பிரேக்: பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும். நின்ற வண்டியில் ஆயிலை முழுசாக மாற்றி, ஹோஸ், வீல் சிலிண்டர் கசிவைப் பார்க்க வேண்டும்.

• டைமிங் பெல்ட்: கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், மாற்றிவிட்டே ஓட்டுங்கள்.

• டயர்: பட்டன் நன்றாகத் தெரிவதை மட்டும் நம்பாதீர்கள். டயரின் ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்தது. வெடிப்பு விட்ட பழைய டயர் மலைப்பாதையில் ஆபத்து.

• பெட்ரோல்: இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், கேஸ்கெட் எல்லாம் இதற்காகச் செய்தவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஹோஸ்களைப் புதுசாக மாற்றுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் பெட்ரோலை டேங்கில் தேக்காதீர்கள்.

• கூலிங்: ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்குக் கீழேயே இருக்கிறது. சூடு ஏறினால் முதலில் தெரிவது உட்கார்ந்திருப்பவருக்குத்தான். ரேடியேட்டர், ஹோஸ், ஃபேன் மூன்றையும் பார்த்துவிட்டுப் புளியரை ஏற்றத்தில் ஏறலாம்.

ராத்திரி லைட், ஃபேன்: பேட்டரி தாங்குமா?

வண்டி பேட்டரியிலேயே ராத்திரி முழுக்க ஃபேன் ஓட்டினால் காலையில் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். தனி பேட்டரி தேவை. கணக்கு எளிது. 12 வோல்ட், 100 ஆம்பியர் அவர் பேட்டரியில் 1,200 வாட் அவர் இருக்கும். சாதாரண லெட் ஆசிட் பேட்டரி என்றால் அதில் பாதியை மட்டும் எடுப்பது பேட்டரிக்கு நல்லது. அதாவது 600. இருபது வாட் ஃபேன் பத்து மணி நேரம் ஓடினால் 200. இரண்டு லைட், செல்போன் சார்ஜ் எல்லாம் சேர்த்தும் ஒரு ராத்திரிக்குத் தாராளம்.

ஒவ்வொரு இணைப்புக்கும் பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் கட்டாயம். ஒயரைத் தகட்டு ஓட்டை வழியாக இழுக்கும்போது ரப்பர் வளையம் போட வேண்டும். அந்தச் சின்ன வளையம் இல்லாவிட்டால் ஒயர் உரசி, ஷார்ட் ஆகி, வண்டியே எரியலாம்.

உயிரோடு விளையாடும் இரண்டு விஷயங்கள்

ஒன்று, புகை. 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரை அருகே ரோட்டோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு, வண்டியின் அடித்தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியது பின்னர் நடந்த ஆய்வில் தெரிந்தது.

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவருக்கு மூச்சு முட்டுகிற உணர்வே வராது. ஆம்னியில் இன்ஜின் காலடியில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். சைலன்சர் ஜாயின்ட்டில் கசிவு, தரையில் துரு ஓட்டை, இன்ஜின் மூடியில் கிழிந்த ரப்பர்: இந்த மூன்றும் சேர்ந்தால் புகை நேராக உள்ளேதான் வரும். துரு வேலையை முதலில் முடிக்கச் சொல்வது அழகுக்காக மட்டும் அல்ல. இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று உள்ளே இருக்கட்டும். இரண்டு பக்கக் கண்ணாடியும் கொஞ்சம் இறங்கியிருக்கட்டும்.

இரண்டு, அடுப்பு. 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தது நினைவிருக்கும். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம். ஒரு ரயில் பெட்டிக்கே அந்தக் கதி என்றால் ஆம்னி எம்மாத்திரம்? சமையல் வண்டிக்கு வெளியே, காற்று மறைவாக, தள்ளி. ஒரு தீயணைப்பான் டிரைவர் சீட் பக்கத்தில் கை எட்டும் இடத்தில்.

எங்கே நிறுத்திப் படுக்கலாம்?

கடையத்திலிருந்து ராமநதி அணையும் கடனாநதி அணையும் பக்கம்தான். மலை கூப்பிடுகிற மாதிரி இருக்கும். ஆனால் மலைப்பகுதி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகவோ தங்கவோ முடியாது. அணைப்பகுதியும் இரவு தங்கும் இடம் அல்ல.

ஆற்றங்கரை, ஓடைக்கரை, அருவிப் பக்கத்துப் பள்ளம் வேண்டவே வேண்டாம். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரைக் கொண்டுபோனது. மலை மேல் பெய்த மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. தூங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? கேட்டு அனுமதி வாங்கிய விடுதி வளாகம், வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பார்க்கிங், தெரிந்தவர் வீட்டு முற்றம், இவைதான் நல்ல இடங்கள்.

அப்போ, தொடங்கலாமா?

தாராளமாக. ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் ஆர்.சி., அப்புறம் துரு, அப்புறம் பிரேக்கும் டயரும், அப்புறம் ஒயரிங், கடைசியில் மெத்தையும் திரைச்சீலையும். வீடியோவில் முதலில் காட்டுவது மெத்தையும் கலர் லைட்டும்தான். வண்டியை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது அதற்கு முந்தின நாலும்.

முதல் பயணத்தைத் தூரமாகப் போடாதீர்கள். வீட்டு வாசலிலேயே ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். எங்கே ஒழுகுகிறது, எது குத்துகிறது, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் எழுந்து நாலு அடி நடந்து உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம்.