கோழிகள் ஒன்றையொன்று கொத்துவதைத் தடுத்தல்

கோழிகள் ஒன்றையொன்று கொத்துதல் இருவகைப்படும். தலையிலுங் கொண்டையிலும் ஓரிரு முறை கொத்தி விலகுதல் முதல்வகை. எது முந்தியது, எது பிந்தியது என்னும் வரிசையைக் கோழிகள் இவ்வாறே அமைத்துக்கொள்கின்றன. நோர்வே அறிஞர் ஷெல்டெரப் எப்பே இதனை 1922ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். இதனைத் தடுக்க வேண்டியதில்லை.

முதுகு, வால், எருவாய் ஆகியவற்றின் இறகைப் பிடுங்குதல் மற்றைய வகை. இரத்தங் கண்டதும் ஏனைய கோழிகளுங் கூடிக் கொத்துமாதலால், முட்டையிடும் பேட்டை விரைவில் இழக்க நேரிடும். இடநெருக்கம், வெக்கை, புரதக்குறை, தண்ணீர்க்குறை என்பனவே இதற்குப் பெரும்பாலுங் காரணமாகும்.

தீவகத்துக் கமக்காரர் செய்ய வேண்டியவை:

1. காயமுற்ற கோழியை உடனே பிரித்து, புண்ணில் வேப்பெண்ணெய் பூசுக. ஆறிய பின்னரே கூட்டத்திற் சேர்க்க.

2. கோழியொன்றுக்குக் கூட்டில் 4 சதுர அடி இடமளிக்க. கூரையைப் பனையோலையால் வேய்ந்து, காற்றோட்டம் விடுக.

3. தவிடுங் குறுணலும் மட்டும் போதா. எள்ளுப் பிண்ணாக்கும், வேகவைத்த மீன்கழிவுஞ் சிறிதளவு சேர்க்க.

4. தீவுகளிற் பல கிணறுகள் உவர்நீருடையன. கோழிகளுக்கு நன்னீரே வைக்க. தீனியையுந் தண்ணீரையும் இரண்டு இடங்களில் வைத்தால் எளிய கோழியும் உண்ணும்.

5. முருங்கை, அகத்திக் குழைகளைக் கோழிக்கு எட்டும் உயரத்திற் கட்டித் தொங்கவிடுக. குழையைக் கொத்துங் கோழி இறகை நாடுவது குறையும்.

6. புதிய கோழிகளை ஒரு வாரம் வலைத் தடுப்புக்கு அப்பால் வைத்துப் பழக்கிய பின், இரவிற் கூட்டில் விடுக.

கொத்துங் கோழியை விற்றுவிட்டால் மட்டும் தொல்லை தீராது. மற்றொன்று கொத்தத் தொடங்கும். குறையைக் கண்டு நீக்குதலே தக்க வழியாகும்.