மகள் அணியும் சீருடை

"வெயில்ல இதைப் போட்டுக்கிட்டு நிக்கணுமாம்மா?" புறப்பாட நடவடிக்கைக்காக செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சீருடையை அணியும்போதெல்லாம் மகள் முணுமுணுப்பாள். பள்ளி நாளில் நானும் அப்படித்தான்.

போன வாரம் அவளிடம் எட்வினா மவுண்ட்பேட்டனைப் பற்றிச் சொன்னேன். அவருடைய கணவர் இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசிய நேசப் படைகளின் தலைமைத் தளபதி. வசதிக்குக் குறைவில்லாத எட்வினா வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஆனால், 1942-இல் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் படையின் தலைமைக் கண்காணிப்பாளரானார். 1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் சிங்கப்பூர், சுமத்ரா எனப் போர்க்கைதி முகாம்களுக்குச் சென்றார். எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களின் அருகில் நின்று பேசினார். என்ன தேவை என்று கேட்டறிந்தார். 1947 பிரிவினையின்போது டில்லியில் அகதிகளுக்காக உழைத்தார்.

1960 பிப்ரவரியில் செயின்ட் ஜான் பணிப் பயணத்தின்போதே, தமது 58-ஆவது வயதில், தூக்கத்தில் காலமானார். அந்த ஊர் ஜெசல்டன். இன்றைய நம் கோத்தா கினாபாலு.

"நம்ம நாட்டுலயா?" என்றாள் மகள். பிறகு, "முக்கோணத் துணியில கட்டுப் போடச் சொல்லிக் கொடுங்கம்மா" என்றாள்.

எனக்கே மறந்துவிட்டிருந்தது. அன்றிரவு இருவரும் சேர்ந்தே பழகினோம்.