வங்க ஆண்டு பிறந்த வரலாறு

சந்திரனைக் கொண்டு கணிக்கும் ஹிஜ்ரி ஆண்டு, சூரிய ஆண்டினும் ஏறக்குறைய 11 நாள் குறைந்தது. முகலாயர் ஆட்சியில் அவ்வாண்டின்படியே நிலவரி அறவிடப்பட்டமையால், கதிர் முற்றுமுன்னரே வரி கேட்கும் நாள் வந்து உழவரை வருத்திற்று. இத்துன்பம் நீங்குதற்பொருட்டே, 1584இல் அக்பர் அறுவடையோடு பொருந்தும் சூரிய ஆண்டினை வகுத்தார் என்பர். அவர் அரியணை ஏறிய 1556ஆம் ஆண்டு ஹிஜ்ரி 963. அவ்வெண்ணிலிருந்தே வங்க ஆண்டு தொடர்கின்றது.

நமது சித்திரையே வங்காளருக்கு வைசாக மாதம். அதன் முதல் நாளாகிய ‘பொய்லா பொய்ஷாக்’ அன்று வணிகர் பழைய கணக்கை முடித்து, ‘ஹால்காத்தா’ எனும் புதுக் கணக்கேட்டைத் திறந்து, வாடிக்கையாளருக்கு இனிப்பு வழங்குவர். நமது கார்த்திகையில் புதுநெல் வீடு வந்ததும், அதன் அரிசியைச் சமைத்துப் படைத்து, ‘நபான்ன’ விழாக் கொண்டாடுவர்.

இன்று வங்காளதேசத்தில் புத்தாண்டு ஏப்பிரல் 14இல் நிலைபெற்றுள்ளது. மேற்கு வங்கத்திலோ பெரும்பாலும் 15இல் வருகின்றது. நாள் வேறாயினும், உழவரின் விளைச்சலை ஒட்டி எழுந்த அவ்வாண்டு இருவர்க்கும் பொதுவே.