ஜன்னலுக்குப் பின்னால் இன்னொரு ஜன்னல்

லண்டன் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் வீடு வாங்குகிற தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் குளிர்காலமே நல்ல பாடம் நடத்திவிடும். வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த வீடுகளில் பல விக்டோரியா ராணி காலத்தவை, அல்லது அடுத்து வந்த எட்வர்ட் காலத்தவை. ஹீட்டர் ஓடிக்கொண்டே இருந்தாலும் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தோளில் குளிர் இறங்கும். விடிந்தால் கண்ணாடியின் உட்புறம் தண்ணீர் வழிந்து மரச்சட்டத்தில் தேங்கி நிற்கும். அந்த நேரம் பார்த்து ஒரு விளம்பரத் தாளும் வந்து விழும்: பழைய ஜன்னலைக் கழற்றுங்கள், பிளாஸ்டிக் சட்டத்தில் டபுள் கிளேசிங் (இரட்டைக் கண்ணாடி) போடுங்கள், எரிவாயுக் கட்டணம் பாதியாகும்.

பாதியாகாது. வீட்டிலிருந்து வெளியேறும் வெப்பத்தில் ஜன்னலின் பங்கு ஒரு பகுதிதான். திடமான செங்கல் சுவர், கூரை, தரைப் பலகை இடுக்குகள் எல்லாம் தங்கள் பங்குக்கு வெப்பத்தை வெளியே விடுகின்றன. ஜன்னலில் ஆகிற மிச்சத்துக்கும் பழையதைக் கழற்ற வேண்டிய அவசியம் இல்லை. அதை அப்படியே விட்டு, அறைப் பக்கமாக இன்னொரு கண்ணாடியைப் பொருத்தினாலே பெரும்பகுதி கிடைத்துவிடும். இதற்கு செகண்டரி கிளேசிங் என்று பெயர். கேட்பதற்கு ஒட்டுவேலை மாதிரி இருக்கும். ஆனால் இதன் இயற்பியல் அவ்வளவு அழகானது.

முதலில் பழைய ஜன்னலைப் பார்த்துவிடுவோம். அதற்கு சாஷ் ஜன்னல் என்று பெயர், கீல் கிடையாது. இரண்டு கண்ணாடிச் சட்டங்கள் ஒன்றன்முன் ஒன்றாக மேலும் கீழும் நழுவும். ஒவ்வொரு சட்டத்தின் இரு பக்கங்களிலிருந்தும் ஒவ்வொரு கயிறு மேலே கப்பியைச் சுற்றி, பக்கவாட்டு மரப்பெட்டிக்குள் தொங்கும் இரும்பு எடைக்குப் போகிறது. சட்டமும் எடையும் சமமாக இருப்பதால் ஒரு விரலால் தூக்கலாம், விட்ட இடத்தில் நிற்கும். நழுவ வேண்டுமானால் இடுக்கு வேண்டும். குளிர்காற்று நுழைவது அந்த இடுக்கின் வழியாகத்தான்.

வரலாறு சுருக்கமாக: 1670களில் இங்கிலாந்தின் அரண்மனைகளிலும் பெரிய மாளிகைகளிலும் இது தலைகாட்டியது. தீ பரவும் பயத்தில் லண்டனின் 1709, 1774 கட்டடச் சட்டங்கள் மரச்சட்டத்தைச் சுவரின் முகப்பிலிருந்து உள்ளே தள்ளவைத்தன. கண்ணாடி மீதான வரி 1845இலும், ஜன்னல்களை எண்ணி வசூலித்த வரி 1851இலும் ஒழிந்ததும் கண்ணாடித் துண்டுகள் பெரிதாகின. பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்த, அலையில்லாத மிதவைக் கண்ணாடிக்கு முந்தியவை என்பதால் பழைய கண்ணாடிகளில் மெல்லிய அலை ஓடும், எதிர்வீடு லேசாக நெளியும். ஜன்னலை மாற்றும்போது முதலில் உடைந்து குப்பைக்குப் போவது இந்தக் கண்ணாடிதான்.

இனி முக்கியமான விஷயம். குளிரைத் தடுப்பதில் கண்ணாடிக்கு ஏறக்குறைய எந்தப் பங்கும் இல்லை! நான்கு மில்லிமீட்டர் கண்ணாடி வெப்பத்துக்குக் காட்டும் எதிர்ப்பைக் கணக்கிட்டால், ஒற்றை ஜன்னலின் மொத்த எதிர்ப்பில் அது சுமார் இரண்டு சதவீதம்தான். மீதி முழுவதையும் தருவது கண்ணாடியின் இரு முகங்களிலும் ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் படலம். அதனால் கண்ணாடியைத் தடிமனாக்கிப் பயனில்லை. இரண்டாவது கண்ணாடி செய்வதும் வேறொன்றுமில்லை, கொஞ்சம் காற்றை நடுவில் நிறுத்திவைக்கிறது. அந்த இடைவெளி எவ்வளவு அகலம் இருக்கலாம், அதை வெப்பம் எப்படிக் கடக்கிறது என்பதில்தான் சுவாரசியம் முழுவதும் இருக்கிறது.

ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் சமையற்கட்டு. அது சூடான அறை. எதிர்ப்பக்கம் இலை போட்டுக் காத்திருக்கும் வரிசை. அது குளிர்ந்த தெரு. ரசம்தான் வெப்பம். நடுவில் நிற்கும் ஆட்கள் காற்றின் மூலக்கூறுகள். இடைவெளி குறுகலாக இருந்தால் வாளி இரண்டே கை மாறி இலைக்குப் போய்விடும். இடைவெளியை அகலமாக்க அகலமாக்க வாளி பல கைகள் மாற வேண்டும், ரசம் தாமதமாகும். காற்றில் வெப்பக் கடத்தல் இப்படித்தான். 15 அல்லது 20 மில்லிமீட்டர் வரை அகலம் கூடக்கூட நமக்கு லாபம். அதற்கு மேல் போனால் ஆட்களுக்கு நடக்க இடம் கிடைத்துவிடுகிறது. நிறைந்த வாளியோடு ஒரு வரிசை அந்தப் பக்கம் போக, காலி வாளியோடு இன்னொரு வரிசை இந்தப் பக்கம் திரும்புகிறது. உட்கண்ணாடியை ஒட்டிச் சூடான காற்று மேலேறி, வெளிக்கண்ணாடியை ஒட்டிக் குளிர்ந்து கீழிறங்கும் சுழற்சி அதுதான். இந்தச் சுழற்சி தொடங்கிய பிறகு இடைவெளியை 50 மில்லிமீட்டர் ஆக்கினாலும் 100 ஆக்கினாலும் வெப்பத்தைப் பொறுத்தவரை பெரிய லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

அப்பளம் வேறு விதம். அதை ஒருவர் சமையற்கட்டிலிருந்தே இலையைக் குறிவைத்து வீசுகிறார் என்று வையுங்கள். நடுவில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பறந்துபோய் விழும். வெப்பக் கதிர்வீச்சு இந்த அப்பளம்தான். உட்கண்ணாடி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வெளிக்கண்ணாடியை நோக்கி ஓயாமல் வீசுகிறது. வெளிக்கண்ணாடி அவற்றை விழுங்கிச் சூடாகி, அந்தச் சூட்டைத் தெருவுக்குத் தள்ளிவிடுகிறது. சாதாரண இரட்டைக் கண்ணாடியின் இடைவெளியைக் கடக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இப்படிப் போவதுதான். ரசத்தைத் தடுக்க எவ்வளவு பாடுபட்டாலும் அப்பளம் போய்க்கொண்டே இருக்கும்.

அப்பளம் வீசுகிறவரின் கையைக் கட்டிப்போட ஒரு வழி இருக்கிறது. வெள்ளீய ஆக்சைடை மிக மெல்லிய பூச்சாகக் கண்ணாடியில் படியவைத்தால், பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும், ஆனால் அகச்சிவப்பைக் கொஞ்சமாகத்தான் உமிழும். சாதாரணக் கண்ணாடி உமிழ்வதில் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். கடையில் லோ-ஈ கண்ணாடி என்று கேட்டால் கிடைக்கும். வெள்ளி கலந்த பூச்சும் உண்டு, திறன் இன்னும் அதிகம்; ஆனால் காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்பதால் மூடி அடைத்த டபுள் கிளேசிங்குக்குத்தான் உதவும். வெள்ளீய ஆக்சைடு தாக்குப்பிடிக்கும், செகண்டரி கிளேசிங்குக்கு அதுவே சரி. பூச்சுள்ள முகம் இடைவெளியைப் பார்த்து இருக்க வேண்டும். அறையைப் பார்த்து இருந்தால் கண்ணாடியின் குளிர்ச்சி கூடி, அதில் தண்ணீர் கோக்கும்.

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே காற்றை எடுத்துவிட்ட, இப்போது பேசப்படும் வெற்றிடக் கண்ணாடியையும் இதே பந்தியில் உட்காரவைக்கலாம். மண்டபத்திலிருந்து எல்லா ஆட்களையும் வெளியேற்றியாயிற்று. வாளி தூக்க ஒருவரும் இல்லை. ஜப்பானின் நிப்பான் ஷீட் கிளாஸ் நிறுவனம் இதை 1997இல் ஸ்பேசியா என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இடைவெளி வெறும் 0.2 மில்லிமீட்டர். மொத்தத் தடிமன் சுமார் 6 மில்லிமீட்டர்தான் என்பதால் பழைய சாஷ் சட்டத்திலேயே பொருத்திவிடலாம். ஆனால் ஆளில்லாத மண்டபத்திலும் அப்பளம் பறக்கும். அதனால் வெற்றிடம் மட்டும் போதாது, பூச்சும் வேண்டும். விலையும் அதிகம், பழைய கண்ணாடியும் போய்விடும்.

இதெல்லாம் தாளில் போட்ட கணக்குதானே என்று கேட்கலாம். கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகத்தில் பால் பேக்கர் என்ற ஆய்வாளர் ஒரு சாஷ் ஜன்னலைச் சோதனை அறையில் பொருத்தி அளந்தார். முடிவுகளைப் பாரம்பரியக் கட்டடங்களைப் பேணும் ஹிஸ்டாரிக் ஸ்காட்லாந்து அமைப்பு 2008இல் வெளியிட்டது. ஒற்றைக் கண்ணாடி வழியாக ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 5.4 வாட் வெளியேறியது. கனமான திரை அதில் 14 சதவீதத்தைக் குறைத்தது, சுருள் திரை 22 சதவீதத்தை. பல பழைய வீடுகளில் பெயின்ட் அடித்து ஒட்டிப்போய்க் கிடக்கும், ஜன்னலின் உட்புற மரக்கதவுகளை இழுத்துச் சாத்தினாலே 51 சதவீதம் குறைந்தது. பூச்சுக் கண்ணாடியோடு கூடிய செகண்டரி கிளேசிங் இன்னும் அதிகமாகக் குறைத்தது, 5.4 என்பது சுமார் 1.7க்கு இறங்கியது. புதிதாக மாற்றும் ஜன்னலுக்கு இங்கிலாந்தின் கட்டட விதிகள் 2022 முதல் கேட்பது 1.4. அது சட்டத்தையும் சேர்த்த கணக்கு என்பதால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. என்றாலும் 5.4இலிருந்து 1.7க்கு வந்தபிறகு எஞ்சும் தூரம் எவ்வளவு கொஞ்சம் என்பது தெரிகிறது.

காலையில் வழியும் தண்ணீருக்கும் விடை இதே எண்களில் இருக்கிறது. வெளியே 0 டிகிரி, அறையில் 20 டிகிரி என்றால் ஒற்றைக் கண்ணாடியின் உள்முகம் 6 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். அறையின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் 9 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் பனி கோக்கும். செகண்டரி கிளேசிங்கின் உள்முகம் 15 டிகிரிக்கு மேல் இருப்பதால் அங்கே கோக்காது. சோபாவில் உட்கார்ந்தவரின் தோளும் அதே காரணத்தால் தப்பிக்கிறது.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். இரண்டு ஜன்னலையும் ஒரு இடுக்கு விடாமல் அடைத்துவிடுகிறார்கள். அடைக்க வேண்டியது உள்ளே இருப்பதை மட்டும். சமையல், குளியல், மூச்சு எல்லாம் சேர்ந்த ஈரக்காற்று உட்கண்ணாடியின் ஓரமாக நுழைந்தால், பின்னால் இருக்கும் குளிர்ந்த பழைய கண்ணாடியில் போய்த் தண்ணீராகும். வெளி ஜன்னல் கொஞ்சம் ஒழுகினால் அந்த ஈரம் வெளியே போக வழி இருக்கும். 20 டிகிரி காற்று ஒரு கன மீட்டரில் 17 கிராம் நீராவியைத் தாங்கும், 0 டிகிரி காற்று 5 கிராமைக்கூடத் தாங்காது. தெருவிலிருந்து வரும் குளிர்காற்று எவ்வளவு நசநசத்த நாளிலும் எடையளவில் வறண்டது, அதுவே இடைவெளியை உலர்த்திவிடும். குளிர் நுழைகிறதே என்று திட்டு வாங்கிய அதே பழைய இடுக்கு, இப்போது மரச்சட்டத்தை உளுக்காமல் காப்பாற்றுகிறது.

பொருத்துவதில் பல வகை உண்டு. அலுமினியச் சட்டத்தில் மேலும் கீழும் நழுவுவதை, நடுக்கட்டை பழைய ஜன்னலின் நடுக்கட்டைக்கு நேராக வருமாறு செய்தால் தெருவிலிருந்து பார்க்கத் தெரியாது. கீல் வைத்தது, தூக்கிக் கழற்றுவது என்றும் கிடைக்கும். கையில் காசு குறைவென்றால் காந்தப் பட்டையில் ஒட்டும் அக்ரிலிக் தகடு போதும். அதைவிட மலிவு, ஹேர் டிரையரால் இழுத்து இறுக்கும் மெல்லிய படலம். ஒரு குளிர்காலத்துக்குத் தாங்கும். தெருச் சத்தம்தான் தொல்லை என்றால் கணக்கு வேறு. அதற்கு இடைவெளி 100 மில்லிமீட்டராவது வேண்டும், இரண்டு கண்ணாடிகளும் வேறு வேறு தடிமனில் இருக்க வேண்டும். ஒரே தடிமன் என்றால் இரண்டும் ஒரே சுருதிக்கு அதிர்ந்து அந்தச் சத்தத்தை உள்ளே விட்டுவிடும்.

பணக் கணக்கையும் நேராகப் போட்டுவிடலாம். தலா ஒன்றரைச் சதுர மீட்டரில் எட்டு ஜன்னல்கள், ஐந்து மாதக் குளிர், உள்ளுக்கும் வெளியுக்கும் சராசரி 12 டிகிரி வித்தியாசம் என்று கொண்டால், மிச்சமாவது சுமார் 1,900 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம். எரிவாயு யூனிட்டுக்கு 6 பென்ஸ் என்றால் வருடத்துக்கு நூற்றுச் சொச்சம் பவுண்டு. இரவும் பகலும் வீட்டைச் சூடாக வைத்திருந்தால்தான் அதுவும். ஆளை வைத்துச் செய்தால் ஜன்னல் ஒன்றுக்கே சில நூறு பவுண்டு ஆகும் என்பதால், போட்ட பணம் திரும்பப் பல வருடங்கள் பிடிக்கும். எல்லா ஜன்னலையும் மாற்றினால் இன்னும் பல வருடங்கள். புது டபுள் கிளேசிங்கின் விளிம்பு அடைப்பு ஒருநாள் விட்டுப்போய் உள்ளே மூட்டம் படரும், அப்போது அந்தக் கண்ணாடியையே மாற்றியாக வேண்டும். மெதுவாக வளர்ந்த பைன் மரத்தில் செய்த பழைய சட்டமோ உளுத்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டிவிட்டால் இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும்.

பாரம்பரியப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் கட்டடம் என்றால் அனுமதியில்லாமல் ஜன்னலை மாற்றுவது இங்கிலாந்தில் குற்றம். செகண்டரி கிளேசிங்கைக் கழற்றினால் பழைய ஜன்னல் அப்படியே இருக்கும் என்பதால் பாதுகாப்பு அதிகாரிகள் அதை எளிதில் ஏற்கிறார்கள். ஆனாலும் உள்ளூர் நிர்வாகத்திடம் முன்கூட்டிக் கேட்டுவிடுவது நல்லது.

எந்த வகையை வாங்கினாலும் கோடையை நினைத்து வாங்க வேண்டும். 2022 ஜூலை 19இல் லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது, லண்டன் ஹீத்ரோவிலும் 40 தாண்டியது. சாஷ் ஜன்னலின் மேல் சட்டத்தைக் கொஞ்சம் இறக்கி, கீழ் சட்டத்தைக் கொஞ்சம் ஏற்றிவைத்தால் சூடான காற்று மேலே வெளியேறி, குளிர்ந்தது கீழே நுழையும். பெயின்ட் பூசிப் பூசி மேல் சட்டம் இறுகிப்போயிருந்தால் முதலில் அதை அசைய வைக்க வேண்டும். உள்ளே பொருத்துவதும் முழுதாகத் திறக்கக்கூடியதாகவோ, மே மாதத்தில் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைக்கக்கூடியதாகவோ இருக்க வேண்டும். படுக்கையறை ஜன்னலில் தீ விபத்தின்போது தப்பிக்கவும் எளிதில் திறக்க முடிவது தேவைப்படும்.