10 மணி நேரம் உட்கார்ந்தால் செல்லுக்கு 8 வயசு கூடுமா?

‘தினமும் 10 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே இருந்தால், உங்கள் செல்களுக்கு 8 வயது கூடிவிடும்.’ இப்படியொரு தகவலைப் படித்தால், ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்குப் பக்கென்றுதான் இருக்கும். கணக்கு பொய்யில்லை. ஆனால், பாதிதான் சொல்லப்படுகிறது.

இது 2017-ல் வெளியான ஆய்வு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள், 64 முதல் 95 வயது வரையிலான சுமார் 1,500 பெண்களை ஆராய்ந்தார்கள். ‘தினமும் எவ்வளவு நடப்பீர்கள்?’ என்று கேட்டால் யாரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வோம், இல்லையா? அதனால் கேள்வியோடு நிறுத்தாமல், அசைவை அளக்கும் கருவியை அவர்கள் இடுப்பில் ஒரு வாரம் கட்டிவிட்டார்கள். ரத்த செல்களில் டெலோமியரின் நீளத்தையும் அளந்தார்கள்.

டெலோமியர் என்றால்?

புடவை முந்தானையில் நூல் பிரியாமல் இருக்கக் குஞ்சம் கட்டுவார்களே, அதுபோல குரோமோசோமின் நுனியில் இருக்கும் காப்பு. செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் இது கொஞ்சம் தேயும். ரொம்பக் குட்டையானால், செல் பிரிவதையே நிறுத்திவிடும். இதைச் சரிக்கட்டும் நொதியின் பெயர் டெலோமரேஸ். இந்தக் கண்டுபிடிப்புகளுக்குத்தான் 2009-ல் மருத்துவ நோபல் பரிசு.

10 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து, நடை மாதிரியான உடலசைவு 40 நிமிடம்கூட இல்லாத பெண்களுக்கு டெலோமியர் குட்டையாக இருந்தது. அந்த வித்தியாசம்தான் 8 ஆண்டு. விட்டுப்போன பாதி இதோ: தினமும் அரை மணி நேரமாவது உடற்பயிற்சி செய்தவர்களிடம், அதிக நேரம் உட்கார்ந்ததற்கும் டெலோமியர் நீளத்துக்கும் தொடர்பே தெரியவில்லை.

ஒரே ஒரு முறை அளந்த ஆய்வு என்பதால், உட்கார்ந்ததுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. உடம்பு முடியாதவர்களும் அதிகம் உட்காரத்தானே செய்வார்கள்? 28 வயதுக்காரருக்கு இதை அப்படியே பொருத்தவும் முடியாது.

ஜிம் போனால் போதுமா?

2018-ல் வெளியான ஜெர்மனி ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாதவர்களை வாரம் 3 நாள், 45 நிமிடம் வீதம் 6 மாதம் பயிற்சி செய்ய வைத்தார்கள். ஓடியவர்களுக்கும், வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடியவர்களுக்கும் டெலோமரேஸ் செயல்பாடு கூடியது. டெலோமியர் நீளமும் கூடியது. எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. அதற்காக டம்பெல்லைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். தசைக்கும் எலும்புக்கும் அது தேவை. கூடவே கொஞ்சம் மூச்சு வாங்குகிற வேலையும் இருக்கட்டும்.

எவ்வளவு நேரம் என்பதில்தான் சிக்கல். 10 லட்சத்துக்கும் அதிகமானோரின் தரவை அலசி 2016-ல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு, டெலோமியரைப் பார்க்கவில்லை. இறப்பு விகிதத்தைப் பார்த்தது. 8 மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் கூடும் ஆபத்தைச் சமன் செய்ய, தினமும் 60 முதல் 75 நிமிட வேகநடை தேவை என்றது. அலுவலகம் போய் வருகிறவருக்கு இது பெரிய கணக்குதான்.

ஆனால் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. குறைந்தது 10 நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் சேரும் என்ற பழைய நிபந்தனையை, 2020-ல் உலக சுகாதார நிறுவனம் எடுத்துவிட்டது. லிஃப்டை விட்டு மாடிப்படி ஏறுவதும், போன் பேசிக்கொண்டே விறுவிறுவென நடப்பதும் இப்போது கணக்கில் வரும்.